பொத்தானம்மாவின் சல்லடை

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்குப் பொத்தானம்மா என்றுதான் பெயர். துவைக்க வரும் துணிகளிலிருந்து உதிரும் பொத்தான்களைப் பொறுக்கி வைத்துக்கொண்டு, எந்த டாக்டரின் கோட்டில் எது அறுந்திருந்தாலும் தைத்துக் கொடுத்துவிடுவாள். பொத்தானைக் குப்பையில் போட அவளுக்குக் கை வராது. ஓய்வு பெற்ற கையோடு, பழைய தேவாலய வளாகத்தில் மண் சலிக்கும் வேலைக்குப் போனாள். “இந்த வயசுல எலும்பு பொறுக்கவா போற?” என்று அக்கம்பக்கத்தார் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்து வைத்தாள்.

போன காரணம் சிரிக்கிற காரணம் இல்லை. கல்யாணமான புதிதில் அவளுக்கு ஒரு பெண் குழந்தை இறந்தே பிறந்தது. அவள் மயக்கம் தெளிந்து முகம் பார்ப்பதற்குள் கணவர் எடுத்துப்போய்ப் புதைத்துவிட்டார். ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்று அப்போதிருந்த பாதிரியார் கையை விரித்திருந்தார். நல்ல மனிதர்! கணவர் பஸ் ஓட்டியவர். ‘ஓட்டுநருடன் பேசாதீர்கள்’ என்ற பலகையை வீட்டிலும் கடைப்பிடித்தவர். இத்தனை வருஷத்தில் அவர் சொன்னது இவ்வளவுதான்: “சர்ச்சுச் சுவரோரமா, கூரைத் தண்ணி விழுற எடத்துல வெச்சேன். அந்தத் தண்ணியாவது அவ தலையில படட்டும்னு.” எந்தச் சுவர் என்று கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார். அதன்பிறகு அவர்களுக்கு வேறு பிள்ளையும் இல்லை.

இப்போது அந்தச் சுவர்கள் ஈரம் குடித்து விரிசல் விட்டதால், சுற்றிலும் வடிகால் வெட்டப்போகிறார்கள். அதற்கு முன் பழைய புதைகுழிகளை ஆராய அகழாய்வுக் குழு வந்திருந்தது. சுவரோரம் தோண்டிய மண் வாளி வாளியாக அவள் சல்லடைக்கு வந்தது. “எலும்பு, பல்லு, பழைய உலோகம் எல்லாம் எடுத்து வைங்கம்மா. கல்லு, வேரு, பிளாஸ்டிக்க அந்தக் குவியல்ல போட்டுடுங்க” என்று தலைமை ஆய்வாளர் சொல்லிக் கொடுத்தார்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். உள்ளங்கையளவு மண்டை ஓடு, பொம்மைக்கு இருப்பதுபோல் கை கால் என்று எதிர்பார்த்திருந்தாள். வடக்குச் சுவரில் தொடங்கிய முதல் வாரத்தில் அப்படி எதுவும் வரவில்லை. சிவப்புப் பிளாஸ்டிக் பொத்தான் ஒன்றுதான் வந்தது. யாரோ கொத்தனாருடையதாக இருக்கும் என்று கழுவி, தன் வேலைக் கோட்டில் கழுத்துப் பொத்தான் இல்லாத இடத்தில் தைத்துக்கொண்டாள். தன் பிள்ளையைத் தேடுவதை யாரிடமும் மூச்சு விடவில்லை. தெரிந்தால் அனுப்பிவிடுவார்களோ என்ற பயம்.

எலும்பு ஆராய்கிற பெண் அடுத்த வாரம்தான் வந்தாள். கிழக்குச் சுவரோரம் கிடைத்ததைத் தட்டில் பரப்பி எல்லாரையும் கூப்பிட்டாள். “இதெல்லாம் பிறந்த குழந்தையோட விலா எலும்பு. காஞ்ச வேருன்னு நெனச்சு வீசிடுவாங்க. மண்டை ஓடும் முழுசாக் கெடைக்காது, சில்லுச் சில்லாத்தான் இருக்கும்.”

மெலிதாக, வளைந்து, பழுப்பாக இருந்தன. பொத்தானம்மா தட்டின் மேல் குனிந்து பார்த்தாள். முதல் வாரம் இதைப் போன்றவற்றை வேர் என்று கைப்பிடி கைப்பிடியாகக் குவியலில் அள்ளிப் போட்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்தா லாரி வர வேண்டும்? பள்ளம் நிரப்ப அந்தக் குவியலைத்தான் அள்ளிக்கொண்டிருந்தார்கள். ஓடிப்போய் மண்மேல் விழுந்தாள்.

“சாகறதுக்கு வேற வண்டி கெடைக்கலையாம்மா?” என்று லாரிக்காரர் கத்தினார்.

“எம் பொண்ணு இதுல இருக்காளோ என்னமோ! நானே வாரி வீசிட்டேனே!” என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். வேலை போனாலும் போகட்டும் என்று தலைமை ஆய்வாளரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

அவர் லாரியை நிறுத்தச் சொன்னார். “காலையிலயே ஒரு லோடு போயிடுச்சும்மா,” என்றார் தயங்கி. “ஆனா உங்க பொண்ணு வேற சுவரோரமாக்கூட இருக்கலாம். தெற்கு, மேற்கு இன்னும் தோண்டவே இல்லையே. உங்க வீட்டுக்காரரக் கூப்பிடுங்க.”

அந்த ஒரு வார்த்தையில் அவளுக்கு உயிர் வந்தது. தெற்கு என்று சொல்லிவிட வேண்டும், இல்லை மேற்கு என்று சொல்லிவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

கணவர் வந்தார். சுவர்களைப் பார்த்து விழித்தார். “இருட்டுல வந்தேன். அழுதுக்கிட்டே வந்தேன். எந்தப் பக்கம்னு எனக்கே தெரியாது. அதான் நீ கேக்கறப்பல்லாம்...” என்றவர், அவளை ஏறிட்டுப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்.

“இந்தப் பொத்தான் ஏது?”

“மொத வாரம் சல்லடையில வந்துது. ஏங்க?”

“என் சட்டையிலதான் சுத்தி வெச்சேன். வெள்ளைப் பொத்தான் கெடைக்கலன்னு நடுவுல ஒரு செவப்பு தெச்சுக் குடுத்தியே, அந்தச் சட்டை.”

அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. கழுத்திலிருந்த பொத்தானைத் தொட்டவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பொத்தானை எடுத்து வைத்துக்கொண்டாள். பிள்ளையைத் தூக்கிப் போட்டுவிட்டாள். இதற்கு யாரைத் திட்டுவது?

அவர் போய், எஞ்சிய குவியலிலிருந்து ஒரு வாளி மண்ணை அள்ளி வந்து அவள் சல்லடையில் கொட்டினார்.

பொழுது சாயும்வரை இருவரும் சலித்தார்கள். எலும்பு ஆராய்கிற பெண் அவள் தட்டைக் கிளறிப் பார்த்து, “இது வேருதாம்மா. இதுவும் வேருதான், போட்டுடுங்க” என்றாள்.

“இருக்கட்டும்மா” என்று பொத்தானம்மா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “எதையும் போட மாட்டேன்.”