மேட்டில் வராத உதறல்

"ரெண்டு சிலிண்டர் செத்துப்போச்சு, இன்ஜினைப் பிரிக்கணும்." ஒரு நல்ல இன்ஜினைப் பார்த்து நான் சொன்னது இது. முப்பது வருடம் ஸ்பேனர் பிடித்தவன் சொன்னான் என்பதால்தான் எழுதி வைக்கிறேன்.

வண்டி பள்ளிப்பட்டு விவசாயி முனிரத்தினத்துடையது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய பெட்ரோல் கார். மனைவி சுகுணாவை டயாலிசிஸுக்கு வேலூர் அழைத்துப் போக வேறு வண்டி கிடையாது.

"ஓட்டிகினு போறப்பவே உதறுதுங்க. நடுவழில நின்னுட்டா இவள எங்க தூக்கிகினு ஓடுவேன்?"

திருத்தணியில் என் ஷெட்டில் பிளக் மாற்றினேன், காயில் மாற்றினேன். உதறல் போகவில்லை. அப்போதுதான் அந்தத் தீர்ப்பைச் சொன்னேன்.

சுகுணா கணவரிடம் திரும்பினார். "நேத்து கோயிலுக்கு இதே வண்டில மலை ஏறினோமே பாவா, அப்ப உதறலையே? சம ரோட்டுல, சும்மா போறப்பதான உதறுது?"

எனக்குச் சுருக்கென்றது. சிலிண்டர் செத்த வண்டி மேட்டில்தான் அதிகம் திணறும். இது நேர்மாறாக இருக்கிறதே!

இன்ஜின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டி, முனிரத்தினத்தை ஓட்டச் சொல்லி, அரக்கோணம் ரோட்டில் மூவரும் போனோம். ஒரே வேகத்தில் போகும்போது இரண்டாவது, மூன்றாவது சிலிண்டருக்குப் பெட்ரோல் பூஜ்யம். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் நான்கு சிலிண்டரும் வேலை செய்தன. கோளாறைக் காட்டும் ஃபால்ட் கோடு ஒன்றுகூட இல்லை.

ஓரங்கட்டி, டேஷ்போர்டு பெட்டியிலிருந்த மேனுவலைப் பிரித்தேன். அதுவரை நான் அதைத் தொடவே இல்லை. பாரம் குறைவாக இருக்கும்போது பெட்ரோலை மிச்சப்படுத்த, இரண்டு சிலிண்டரை இன்ஜின் தானாகவே நிறுத்திவிடுமாம்.

"வேணாம்னா நிறுத்திக்கும், வேணும்னா சேத்துக்குமா?" முனிரத்தினம் வாய் பிளந்தார்.

"ஆங், கம்ப்யூட்டர் பாத்துக்கும்."

"அப்போ உதறல்?" என்றார் சுகுணா.

நியாயமான கேள்வி. இரண்டு சிலிண்டரில் ஓடும்போது அதிர்வு கூடும்; ஆனால் அது உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியக்கூடாது. ஷெட்டுக்குத் திரும்பி வண்டிக்கு அடியில் படுத்தேன். இன்ஜினைத் தாங்கி, அதிர்வை உள்வாங்கும் மவுண்டின் ரப்பர் கிழிந்திருந்தது. நான்கு சிலிண்டர் ஓடும்போது மறைந்திருந்த குறை, இரண்டில் வெளியே வந்திருக்கிறது.

மவுண்டை மாற்றி, மூவருமாக ஆர்.கே.பேட்டை வரை போய் வந்தோம். சுகுணா வழியிலேயே தூங்கிவிட்டார். முனிரத்தினம் கண்ணாடியில் அவரைப் பார்த்துக்கொண்டே மெதுவாக ஓட்டினார்.

"வண்டி எப்போது உதறுகிறது?" என்று மட்டும் கேட்டுவந்தவன் நான். இப்போது, "எப்போது உதறவில்லை?" என்றும் கேட்கிறேன். ஓட்டுபவரிடம் மட்டுமல்ல, கூட உட்கார்ந்து வருபவரிடமும்.