மூன்று குரலும் ஒரு பட்டனும்

தாரணிக்குக் கோபம் மூக்கு நுனியிலேயே குடியிருக்கும். குழம்பில் உப்பில்லை என்று சொல்லுங்கள், சிரிப்பாள். அவள் எழுதிய ப்ரோக்ராமில் தப்பு இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள், அன்றைக்கு உங்கள் நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

கொல்லிமலையில் பிறந்தவள். கம்ப்யூட்டர் படித்த மலைப் பிள்ளைகள் சேலம், பெங்களூரு என்று இறங்கிப் போய்விட, இவள் மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியோடு நின்றுகொண்டாள். அங்கே ஒரு வாடகை அறை எடுத்துச் சேலத்துக் கம்பெனி ஒன்றுக்கு வேலை செய்தாள். பிறகு மலைமேல் இருக்கும் செம்மேட்டுக்கு ஓரளவு இன்டர்நெட் வந்ததும் மூட்டையைக் கட்டிக்கொண்டு மேலேயே வந்துவிட்டாள். வேலை என்னவென்று கேட்டால், "திரையில நீங்க அழுத்தறீங்களே பட்டன், அதுக்குப் பின்னால நிக்கறவ நான்தான்" என்பாள்.

அவள் சொல்வது ஏறக்குறைய உண்மைதான். திரையில் தெரியும் பட்டனை யாரும் உளி வைத்துச் செதுக்குவதில்லை. டூல்கிட் என்று ஒன்று உண்டு. ஜன்னல், பட்டன், எழுதும் கட்டம், பட்டியல் எல்லாம் அதில் தயாராகக் கிடக்கும். ஒவ்வொன்றுக்கும் விட்ஜெட் என்று பெயர். எதற்குள் எது இருக்க வேண்டும், எதற்குப் பக்கத்தில் எது வர வேண்டும் என்று அடுக்குவது பாதி வேலை. இந்தப் பட்டனை அழுத்தினால் இந்தக் காரியம் நடக்கட்டும் என்று முடிச்சுப் போட்டு வைப்பது மீதி வேலை. அடுக்குவதில் தாரணியை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. முடிச்சுப் போடுவதிலும் தன்னை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்றுதான் போன வாரம் வரை நினைத்திருந்தாள்.

மிளகு விவசாயிகள் சங்கத்துக்கு அவள்தான் எடை போடும் ப்ரோக்ராம் எழுதிக் கொடுத்தாள். ஒரே ஒரு ஜன்னல். மேலே விவசாயியின் பெயர், நடுவில் தராசு காட்டும் எடை, கீழே 'பதிவு செய்' என்று பச்சையில் பெரிய பட்டன். அழுத்தினால் விவரம் சேலத்துக் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரும், பட்டியலில் ஒரு வரி ஏறும். கண் மங்கினவர்களுக்கும் தெரியட்டும் என்று பட்டனை உள்ளங்கை அகலத்துக்கு வைத்திருந்தாள். சங்கத்தில் மூட்டை எடை போடுகிற சின்னமுத்து முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு, "என்ற கைக்கு அளவெடுத்துத் தெச்சாப்புல இருக்குது கண்ணு" என்றார். தாரணிக்கு அன்றைக்கெல்லாம் தரையில் கால் பாவவில்லை.

இந்தத் தை மாதம் மிளகு ஏற்ற லாரி வந்தபோதுதான் வினை வந்தது. பட்டியலில் இருந்த மூட்டைகள் குடோனில் இல்லை. பன்னிரண்டு மூட்டை குறைந்தது. குடோன் சாவி சின்னமுத்துவின் இடுப்பில்தான் இருந்தது. சங்கச் செயலாளர் தனசேகரன் கெட்டவர் அல்ல. யாரையும் சொல்வதற்கு முன்னால் தாரணிக்குப் போன் போட்டுக் கேட்டார்.

"ஏன் தாரணி, உன்ற ப்ரோக்ராம்ல ஏதாச்சும் பிசகு இருக்குமா?"

"அதெல்லாம் வராதுங்கண்ணா. ஒண்ணுக்குப் பத்து தடவ சோதிச்சுத்தான் குடுத்தது."

அவ்வளவுதான் பேச்சு. பட்டியலைத் திறந்துகூடப் பார்க்காமல் சொன்னாள். திறந்திருந்தாலும் ஒன்றும் தெரிந்திருக்காது. சங்கத்துக்கு வரும் மிளகை ஐம்பது கிலோவாகக் கட்டித்தான் கொண்டுவருவார்கள். பட்டியல் முழுக்க ஐம்பது, ஐம்பது என்று ஒரே முகமாகத்தான் இருக்கும்.

பழி சாவி வைத்திருந்த சின்னமுத்து மேல் விழுந்தது. இரண்டு நாள் கழித்துக் காலையில் மாராயி வந்தாள். சின்னமுத்துவின் மனைவி. குடோனில் சாக்கு வாய் தைப்பவள். தாரணிக்கு அத்தை முறை. செருப்புகூட இல்லாமல் ஓடி வந்திருந்தாள்.

"கண்ணு, உங்க மாமன் கருப்பனார் கோயிலுக்குப் போயிட்டாரு."

"சத்தியம் பண்ணவாங்க அத்தை?" என்றாள் தாரணி. திருட்டுப் பழி விழுந்தவன் கருப்பனார் முன்னால் எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தால் பேச்சு முடிந்தது. அதற்குமேல் அவனை ஒருவரும் கேட்கக்கூடாது.

"சத்தியம் பண்ணப் போனா நான் எதுக்கு இங்க வாரேன்? எடுத்தேன்னு ஒத்துக்கப் போறாரு!"

தாரணிக்கு ஒன்றும் ஓடவில்லை. "எடுத்தாருங்களா?"

"அட நீ ஒருத்தி! எடுத்தா மூட்டைய மடியிலயா கட்டிக்கிட்டு வருவாரு? கம்ப்யூட்டரு பொய் சொல்லாதுன்னு நீயே சொல்லிப்போட்டயாமா. நாந்தான் நெனப்பில்லாம எவன் வண்டியிலயோ ஏத்தி உட்டுட்டேன்னு ராத்திரியெல்லாம் பொலம்பல். தெரியாமப் பொய்ச் சத்தியம் பண்ணிப்போட்டா யமுனா வவுத்துப் புள்ளையத் தாக்கும், அதுக்குத் திருடன்னு பேரெடுத்தாலும் பரவால்லைங்கறாரு."

மகள் யமுனா முள்ளுக்குறிச்சியில் வாழ்க்கைப்பட்டவள். இப்போது மாசமாக இருந்தாள். தான் போனில் அலட்சியமாகச் சொன்ன ஒரு வார்த்தையை வைத்து ஒரு மனிதர் தன் தலையில் தானே கல்லைத் தூக்கிப் போட்டுக்கொள்ளப் போகிறார். ஒரு தரம் ஒத்துக்கொண்டால், அப்புறம் மாராயி வீட்டுத் தண்ணீரை ஊரில் எவரும் வாங்கிக் குடிக்க மாட்டார்கள். யமுனாவின் மாமியார் வீட்டில் என்ன பேச்சு வருமோ, அதைச் சொல்லவே வேண்டாம்.

"குடோன் சாவி இருக்குதுங்களா?"

"ஊட்டுலதான் கழட்டிப் போட்டுட்டுப் போனாரு. எடுத்தாந்துட்டேன்."

குடோனில் பனிமூட்டம் கதவு வரைக்கும் வந்து நின்றது. தாரணி தன் லேப்டாப்பைத் தராசோடு இணைத்து, செல்போனிலிருந்து நெட் எடுத்து, ஒரு மூட்டையை ஏற்றிப் பட்டனை அழுத்தினாள். ஜன்னல் அப்படியே விறைத்துப்போய் வெளிறியது. பனி இறங்கினால் சிக்னல் போய்விடும். சேலத்திலிருந்து பதில் வரும்வரை ப்ரோக்ராம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். கொஞ்ச நேரத்தில் உயிர் வந்தது. பட்டியலில் ஒரு வரிதான் ஏறியிருந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடியும் ஒரே வரி. கோயிலில் இந்நேரம் கூட்டம் கூடியிருக்கும்.

"மாமா எப்படி அழுத்துவாருங்க? அப்படியே செஞ்சு காட்டுங்க அத்தை."

"எப்பவும்போலத்தான். மூணு குரல் குடுப்பாரு."

"மூணு குரலா?"

மாராயி அவளை ஒரு மாதிரி பார்த்தாள். எடை போடுகிறவன் எடையை மூன்று முறை சத்தமாகச் சொல்ல வேண்டும். உடையவனுக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று, சாமிக்கு ஒன்று. ஒவ்வொரு குரலுக்கும் மூட்டையை ஓங்கி ஒரு தட்டுத் தட்டுவான். அப்போதுதான் எடை செல்லும். இது தாரணிக்கும் தெரியும், சின்னப் பிள்ளையிலிருந்து பார்த்ததுதான். தெரிந்தது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

"நீதான கண்ணு சொல்லிக் குடுத்த, எடையச் சொல்லிட்டுப் பட்டனத் தட்டுங்கன்னு," என்றபடி மாராயி மவுஸில் கை வைத்தாள். "அம்பதேய்!" ஒரு தட்டு. "அம்பதேய்!" ஒரு தட்டு. "அம்பதேய்!" இன்னொரு தட்டு.

ஜன்னல் வெளிறி நின்றது. உயிர் வந்ததும் ஒரு வரி ஏறியது. மறுபடி வெளிறி, இன்னொரு வரி. மறுபடியும் வெளிறி, மூன்றாவது வரி. தராசின் மேல் இருந்ததோ ஒரே மூட்டை.

தாரணி தலையில் அடித்துக்கொண்டாள். கை தவறி இரண்டு தரம் தட்டுகிறவர்களுக்காக அவள் ஒரு காவல் வைத்திருந்தாள். பத்து நொடிக்குள் வரும் அடுத்த தட்டைத் தள்ளிவிடு என்று எழுதியிருந்தாள். சிக்னல் நன்றாக இருக்கும் நாட்களில் சின்னமுத்துவின் இரண்டாவது, மூன்றாவது தட்டுகளை அந்தக் காவல்தான் சத்தமில்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தது. பனி நாட்களில் முதல் தட்டுக்கான வேலை முடியவே பத்து நொடிக்கு மேல் ஆகும். மற்ற இரண்டு தட்டும் வரிசையில் காத்து நிற்கும். அவை முறை வந்து உள்ளே நுழையும்போது நேரம் கடந்திருக்கும், காவல்காரன் புது ஆள் என்று வழி விட்டுவிடுவான். காளப்பநாயக்கன்பட்டி அறையில் நல்ல நெட்டில், ஒற்றை விரலால், ஒரே ஒரு தட்டுத் தட்டிச் சோதித்தவளுக்கு இது எங்கே தெரியப்போகிறது?

லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள். மாராயி தராசைத் தலையில் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள்.

கருப்பனார் கோயில் மேட்டில் இருந்தது. ஊரே நின்றது. சின்னமுத்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஊர்க்கவுண்டர் முன்னால் குனிந்து நின்றார். இலையில் கற்பூரம் ஏற்றாமல் இருந்தது.

"கற்பூரம் வேண்டாமுங்க. நானே சொல்லிப்போடறேன்," என்று அவர் ஆரம்பிப்பதற்கும் தாரணி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து விழுவதற்கும் சரியாக இருந்தது.

"மாமா, வாயத் தொறக்காதீங்க! தப்பு என்மேலதான்!"

தனசேகரனுக்குச் சுரீரென்றது. "நீதான தப்பே வராதுன்னு சொன்ன?"

"சொன்னனுங்கண்ணா. பாக்காம சொன்னேன். திமுரு." என்றாள். "பட்டனத் தட்டுனதும் காரியம் நடந்துராதுங்க. தட்டு வரிசையில போய் நிக்கும். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில மாஸ்டர் ஒருத்தருதான், அவரு பால் வாங்கப் போயிட்டா நாம நின்னுட்டே இருக்கறதில்லீங்களா? வந்ததும் ஒருத்தர் உடாம எல்லாத்துக்கும் டீ ஆத்துவாரு. பனி எறங்கி சிக்னல் போனா இதுவும் அப்படித்தான். மாமா குடுத்த மூணு குரலையும் மூணு மூட்டைன்னு ஏத்திப்போட்டுது."

"வாயில சொன்னா ஆச்சா?" என்றார் ஊர்க்கவுண்டர். "காட்டு."

ஆளுயரப் பிள்ளை ஒருவனைத் தராசில் ஏற்றி நிற்க வைத்தார்கள். தாரணி தட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஜன்னல் வெளிறவே இல்லை. பட்டியலில் ஒரே ஒரு வரி பளிச்சென்று ஏறியது. போன் பேச வேண்டுமென்றால் ஊரார் ஏறி வருகிற மேடு அது, சிக்னல் அங்கே கொட்டிக் கிடந்தது. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. சொந்தக்காரனைக் காப்பாற்ற வந்திருக்கிறாள் என்று யாரோ காதுபடவே சொன்னார்கள். தனசேகரன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சின்னமுத்து, "போதும் சாமி, உடு. உனக்கும் சேத்துக் கெட்ட பேரு எதுக்கு?" என்றார். தாரணிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

"அத்தை! லேப்டாப்புக்கு நெட் குடுக்கற இந்தப் போன எடுத்துக்கிட்டு அந்தப் பாறைக்குப் பின்னால பள்ளத்துல இறங்குங்க. நான் கூப்புடற வரைக்கும் மேல வராதீங்க!"

மாராயி இறங்கினாள். திரையின் மூலையில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன.

"இப்ப நீங்க தட்டுங்க மாமா. எப்பவும்போல."

சின்னமுத்து மவுஸில் கை வைத்தார். ஒரு செருமல் செருமிவிட்டு, தராசில் தெரிந்த எடையைச் சொல்லித் தட்டினார். இரண்டாவது குரல் கொஞ்சம் ஏறியது. மூன்றாவது குரல் கோயில் மணி அதிரும்படி வந்தது. ஜன்னல் வெளிறி நின்றது. ஊர்க்கவுண்டர் குனிந்து திரையையே பார்த்தார்.

ஒரு வரி ஏறியது. கொஞ்சம் பொறுத்து இரண்டாவது. அப்புறம் மூன்றாவது.

தராசின் மேல் ஒரே பையன் நின்றுகொண்டிருந்தான். ஊர்க்கவுண்டர் திரையில் விரல் வைத்து வரிகளை எண்ணினார், தராசைப் பார்த்தார், மறுபடி எண்ணினார். கற்பூர இலையை எடுத்து ஓரமாக வைத்தார். தனசேகரன் வந்து சின்னமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, தப்பா நெனச்சுப்போட்டனுங்க" என்றார். கூட்டம் ஒரேயடியாகப் பேச ஆரம்பித்தது. பனி பெய்த நாள் எத்தனை, அன்றைக்கு யார் யார் மூட்டை வந்தது என்று கணக்குச் சொல்லப் பத்துப் பேர் கிளம்பிவிட்டார்கள்.

சின்னமுத்து காதில் இதெல்லாம் விழுந்ததாகத் தெரியவில்லை. கையை விடுவித்துக்கொண்டு தாரணியிடம் வந்தார். யாருக்கும் கேட்காத மாதிரி, பயந்த குரலில் கேட்டார்.

"அப்ப நான் எடுக்கலையா, கண்ணு?"

அவர் கேலிக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"இல்லீங்க மாமா," என்றாள். "நீங்க எடுக்கல."

அவர் நம்பாமல் நின்றார். அவள் இரண்டாவது முறை சொன்னாள். மூன்றாவது முறை ஊருக்கே கேட்கும்படி சொன்னாள். அதன் பிறகுதான் சின்னமுத்து இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.