பின்கட்டுச் சுவரில் ஒரு சாண் செங்கல்

காஜா பெராங் வட்டாரத்தில், இன்று மரபுச் சின்னமாகக் காக்கப்படும் விக்டோரியா காலத்து மாளிகையின் பின்புறச் சுவரில், சுண்ணாம்புப் பூச்சில்லாத இடம் ஒன்று ஒரு சாண் அளவுக்கு உண்டு. அதன் வரலாற்றை நான் எழுதியே ஆகவேண்டும். வாயிலில் நிறுத்தியுள்ள பலகை, ‘பின்கட்டு பிற்காலத்தில் சேர்க்கப்பட்டது’ என்கிறது. அந்தப் பிழை என்னுடையது.

நாடு விடுதலை பெறவிருந்த வேளையில், அங்கு வாழ்ந்த ஆங்கிலேயத் துரை தாயகம் திரும்பினார். மாளிகையை அலுவலகமாக்க எண்ணிய அரசினர், முதற்கட்டடத்தை வைத்துக்கொண்டு, பின்னர் ஒட்டியவற்றை இடிப்பதென முடிவு செய்தனர். எது முதல், எது பின் என வரைந்து காட்டும் பணி வரைவாளனாகிய எனக்கு வந்தது. வளைவு வாயில்கள், உயர்ந்த கூரை, கடற்காற்றை உள்ளே அழைக்கும் சாய்பலகைச் சாளரங்கள் அனைத்தையும் மூன்று நாள் அளந்தேன். பின்கட்டை மட்டும் எட்டி நின்று பார்த்தேன். ஓர் அடுக்களை, இரண்டு சிற்றறைகள். இத்துணை எளியது இம்மாளிகையின் உடன்பிறப்பாக இருக்கவியலாது எனக் கருதி, அதைச் சுற்றிச் சிவப்பு மையால் கோடிட்டேன்.

அச்சிற்றறை ஒன்றில்தான் சமையற்கார அக்கா வாழ்ந்தார். ரப்பர்த் தோட்டத்திலிருந்து கைம்பெண்ணாக வந்து, துரைக்கு நெடுங்காலம் சமைத்தவர். போக வேறிடம் இல்லாதவர். சிவப்புக் கோட்டின் பொருளைக் கேட்டறிந்ததும் இடுப்பில் கைவைத்து நின்றார்.

“அடுப்படி அப்புறம் கட்டுனதா? அதுவரைக்கும் மொதல்ல இருந்த துரை என்னா, பட்டினியா கெடந்தாரு? மூணு நாளா அளந்தீங்களே தம்பி, இந்தச் சுவத்தச் சுரண்டிப் பாத்தீங்களா லா?”

“இல்லை, அக்கா” என்றேன்.

தோசைத் திருப்பியை எடுத்துவந்து, மாளிகையும் பின்கட்டும் கூடும் மூலையில் பூச்சைச் சுரண்டினார். தீபாவளிதோறும் அச்சுவரின் உதிர்ந்த பூச்சைச் சுரண்டி வெள்ளையடித்தவர் அவர், உள்ளிருப்பதை அறிந்திருந்தார். பின்னர் ஒட்டிய சுவராயின் இடையே நேர்கோடாய்ப் பிளவு தெரியும். இங்கோ இரு சுவர்களின் செங்கற்களும் கோத்த விரல்களைப்போல் ஒன்றனுள் ஒன்று புகுந்திருந்தன. ஒரே காலத்தில், ஒரே கைகள் எழுப்பிய சுவர்கள்.

“பாத்துக்கிட்டீங்களா? போயி உங்க பெரியவருகிட்ட சொல்லுங்க. சிவப்பு மையி உங்களுதுதானே?”

பார்க்காமலே வரைந்தேன் என்று மேலதிகாரி முன் ஒப்புக்கொண்டேன். புதிய படம் வரைந்தேன், பின்கட்டு தப்பியது. அக்கா இறுதிவரை அங்கேயே வாழ்ந்தார். சுரண்டிய இடத்தைப் பூச மட்டும் எவரையும் விடவில்லை. “மறுபடி யாராச்சும் அளக்க வருவாங்க” என்பார். முதற்படத்தை நான் கிழிக்காது விட்டேன். கோப்பில் கிடந்த அதுவே பலகைக்கு ஏறியிருக்க வேண்டும்.

சென்ற கிழமை போய்ப் பார்த்தேன். அந்த ஒரு சாண் செங்கல் அப்படியே உள்ளது. பலகை எழுதியவரும் என்னைப்போல் எட்டியே நின்றிருப்பார். முதுமையில் என் நினைவும் பிழைபடலாம், அறிந்தோர் திருத்துக. திருத்துமுன், அந்தச் சுவரருகே ஒருமுறை சென்று பார்த்துவிடுக.