மில்வாக்கி யாரிடமும் கெஞ்சாது

மில்வாக்கிக்குக் குடிவருகிறவர்களுக்கு வீடு காட்டுவதுதான் வெர்னெட்டா கேதிங்ஸின் பிழைப்பு. ஊரின் வடக்குப் பக்கத்தில், வசதி குறைந்தவர்கள் வாழும் தெருக்களில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய அப்பா வேலை பார்த்த தோல் ஆலையை மூடியபோது, சிகாகோவுக்குப் போய்விடலாம் என்று அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவர் அசையவில்லை. அந்தப் பிடிவாதம் குறையாமல் மகளுக்கு வந்திருந்தது. இரண்டு பிள்ளைகளைத் தனியாளாக வளர்த்து, நாற்பது வயதுக்கு மேல் பரீட்சை எழுதித் தரகர் உரிமம் வாங்கி, கார்ல் பிராண்ட்மையரின் தரகு அலுவலகத்தில் சேர்ந்தாள்.

ஜூலை வந்தால் அங்கே மூச்சுவிட நேரம் இருக்காது. ஒப்பந்தம் முடிந்த கூடைப்பந்து ஆட்டக்காரர்கள் தங்களுக்குப் பிடித்த அணியைத் தேடிப் போகும் மாதம் அது. பெரிய ஆட்டக்காரன் எவனும் தானாக மில்வாக்கியைத் தேடி வருவதில்லை. லாஸ் ஏஞ்சல்ஸில் சினிமா இருக்கிறது. மயாமியில் கடலும் வெயிலும் உண்டு, போதாததற்கு மாநில வருமான வரியும் கிடையாது. மில்வாக்கியில் பனி இருக்கிறது. அதனால் ஊரை ஒட்டிய பெரிய ஏரி நீலமாக மின்னும் ஜூலையிலேயே ஆளை அழைத்து வந்து, கரையோரச் சாலையில் சுற்றிக் காட்டி, கையெழுத்து வாங்கிவிடப் பார்ப்பார்கள். கணவன் அணிக்காரர்களோடு பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் மனைவிக்கு வீடு காட்டுவது வெர்னெட்டாவின் பங்கு.

அந்த வருஷம் வந்தவன் டெஷான் பிக்கெட். அதற்குச் சில மாதங்கள் முன்னால்தான் ஒரு வானொலிப் பேட்டியில், "மில்வாக்கியா? அங்க ஒன்பது மணிக்கு மேல தெருவிளக்குகூட தூங்கிரும்" என்று சொல்லிச் சிரித்திருந்தான். ஊரே பொருமியது. வெர்னெட்டா காரை ஓரங்கட்டிவிட்டு வானொலியோடு சண்டை போட்டாள். இப்போது அவன் மனைவி அமாரிஸுக்கு அவளே வீடு காட்ட வேண்டியதாயிற்று.

காலையில் கார்ல் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார். "ஏரிக்கரை ரோட்ட விட்டு இறங்காத. வடக்குப் பக்கம் வண்டியத் திருப்பவே வேண்டாம். குளிரப் பத்திக் கேட்டா, இப்பல்லாம் முன்ன மாதிரி இல்லன்னு சொல்லிரு."

"போன ஜனவரில கார் கதவு உறைஞ்சுபோயி டிக்கி வழியா ஏறினேன், கார்ல்."

"அதத்தான் சொல்ல வேண்டாங்கறேன்."

காட்டிய வீட்டையெல்லாம் அமாரிஸ் மரியாதையாகப் பார்த்தாள். எதையும் குறை சொல்லவில்லை, எதற்கும் முகம் மலரவில்லை. கடைசி வீட்டின் சமையலறையில் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மேடைமேல் வைத்தாள்.

"மிஸ் வெர்னெட்டா, எல்லா ஊர்லயும் வீடு இப்படித்தான் இருக்கு. அவரு ஆடற சீசன்ல பாதி நாள் வெளியூர்லதான். நடுக்குளிர்ல பிள்ளைக்கு ஜுரம் வந்தா நான் இங்க யாரக் கூப்பிடறது?"

"ஊரே ஓடி வரும்னு சொல்லச் சொல்லியிருக்காங்க."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"இந்தத் தெருவுல ஒருத்தரும் வரமாட்டாங்க கண்ணு. இங்க கேட்லேருந்து வாசலுக்குப் போறதுக்கே கார் வேணும். பக்கத்து வீட்டுக்காரன் செத்தாக்கூட பேப்பர்ல பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும்."

அமாரிஸ் அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள். "அப்ப உங்களுக்கு ஜுரம் வந்தா யாரு வருவாங்க?"

வெர்னெட்டா அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு வண்டியை வடக்கே திருப்பினாள். வெள்ளிக்கிழமை. அவளுடைய தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் மீன் பொரித்துக்கொண்டிருந்தார்கள். வாரம் தவறாமல் அங்கே பாதித் தெரு கூடிவிடும். உள்ளே வந்தவள் யார் என்று கூட்டத்துக்குத் தெரிந்துவிட்டது. பஸ் ஓட்டுகிற ஓட்டிஸ் தட்டும் கையுமாக எழுந்தான்.

"வாங்கம்மா. சீக்கிரம் சாப்பிட்டுக் கிளம்புங்க. ஒன்பது மணியாச்சுன்னா நாங்கல்லாம் படுத்துருவோம்."

எல்லோரும் அமாரிஸின் முகத்தைப் பார்த்தார்கள். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எங்க வீட்டுக்காரரு எட்டரைக்கே குறட்டை விடுவாரு. அத ரேடியோல சொல்லலியா?"

கூடமே சிரிப்பில் அதிர்ந்தது. ஓட்டிஸ் அவள் தட்டில் இன்னொரு மீன் துண்டு வைத்தான்.

திரும்பும் வழியில், ஆட்கள் காலி செய்துவிட்டுப் போய்ப் பலகை அடித்து மூடிய வீடுகளைக் கடந்தார்கள். "இதையும் ஏன் காட்டறீங்க?" என்று அமாரிஸ் கேட்டாள்.

"இதுவும் ஊருதானே. உங்களுக்காக நான் எத மறைக்கணும்? உங்க வீட்டுக்காரரு வந்தா சந்தோஷம். வரலன்னா நாங்க ஒண்ணும் மூட்டையக் கட்டப்போறதில்ல."

பிக்கெட் மயாமிக்குப் போனான். தொலைக்காட்சியில் செய்தி வந்த மறுநாள் கார்ல் கதவைச் சாத்திக்கொண்டு சத்தம் போட்டார். "சர்ச்சு மீனத் தின்னக் கூட்டிட்டுப் போனியாமே. ஊரு மானத்த வாங்கிட்ட."

"அங்க வரி இல்ல. கடல் இருக்கு. அவனோட கூட்டாளிங்க ஆடறாங்க. இதுல மீனு என்ன பண்ணும்? அவன் நம்மளக் கேலி பண்ணினப்ப போகாத மானம், நான் நம்ம தெருவக் காட்டினதுல போயிருச்சா?"

"இனிமே நான் சொல்றபடிதான் காட்டணும்."

"தலையக் குனிஞ்சுகிட்டு வீடு காட்ட எனக்கு வராது, கார்ல்."

"அப்ப வேற இடம் பாத்துக்க."

"இடம் பாக்கறதுதானே என் தொழிலே" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வடக்குப் பக்கத்து ஃபாண்ட் டு லாக் அவென்யூவில், முடிதிருத்தும் கடைக்கும் சலவைக்கடைக்கும் நடுவே தன் பெயரில் பலகை மாட்டினாள். ஆட்டக்காரர்கள் யாரும் வரவில்லை. நர்சுகள், பள்ளி ஆசிரியர்கள், புதுக் கல்யாணம் ஆனவர்கள் வந்தார்கள். அறையைச் சூடாக்கும் ஹீட்டர் அடிக்கடி மக்கர் செய்தது. கையுறை போட்டுக்கொண்டே தட்டச்சு செய்தாள். கார்லிடம் திரும்பிப் போய்ப் பேசிப் பார்க்கும்படி மகள் சொன்னபோது, அந்தப் பேச்சை இனி எடுக்க வேண்டாம் என்றாள்.

ஜனவரியில் மயாமி அணி ஆட வந்தது. வெர்னெட்டா ஓட்டிஸோடு போய் அரங்கத்தின் உச்சி வரிசையில் இடம் பிடித்தாள். பிக்கெட்டின் பெயரை அறிவித்ததும் கூரை பிய்ந்துபோகிற மாதிரி ஊளைச் சத்தம் எழுந்தது. அவளும் எழுந்து நின்று வாயைக் கைகளால் குவித்து, மூச்சு முட்டும்வரை கத்தினாள்.

இடைவேளையில் நடைபாதைக் கூட்டத்துக்குள் யாரோ அவள் தோளைத் தொட்டார்கள். அமாரிஸ்.

"கீழ ஓட்டிஸப் பாத்துக் கேட்டுட்டு உங்களத் தேடித்தான் மேல ஏறி வந்தேன். இன்னும் கோபமா?"

"உம்மேல இல்ல. அவரு மேல இருக்கு. சீக்கிரத்துல தீராது."

"இங்கயே வரலாம்னுதான் நான் சொன்னேன். அவரு கேக்கல."

வெர்னெட்டா அவளை இழுத்துக் கட்டிக்கொண்டாள். "நல்ல பொண்ணு நீ. ஆனா அவரு பந்தத் தொட்டா நான் கத்தத்தான் செய்வேன்."

"தாராளமா கத்துங்க. நேத்து ஹோட்டல்ல நானும் கத்தினேன்."

பிக்கெட் அன்றைக்கு அடித்த பந்தெல்லாம் வளையத்துக்குள் போனது. மில்வாக்கி தோற்றது. கடைசி நிமிஷத்தில் கூட்டம் கலைந்து வாசலை நோக்கி நகர்ந்தபோதும் வெர்னெட்டா தன் இடத்தை விட்டு அசையாமல் நின்று கத்தினாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நடந்துவந்த ஓட்டிஸ் அலுத்துக்கொண்டான். "அடுத்த வருஷமும் வந்து இப்படித்தான் அடிச்சுட்டுப் போவான்."

"வரட்டும்" என்றாள். கத்திக் கத்திக் கம்மிப்போன குரல் பாதிதான் வெளியே வந்தது. காரின் முன் கண்ணாடியில் இறுகியிருந்த பனியைச் சுரண்டத் தொடங்கினாள்.