அதிகாரம் இல்லை என்ற தீர்ப்பு

பச்சை பிளாஸ்டிக் பைக்குள் ஒரு புது வேட்டியும் வெள்ளைச் சட்டையும் இருந்தன. பந்திங்கிலிருந்து வந்த அந்த அக்கா பையை மடியில் அணைத்தபடி, பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வக்கீலின் முன்னால் உட்கார்ந்திருந்தார். நான் அங்கே கிளார்க், இன்றைக்கும் அதேதான். லோரி ஓட்டிய அவர் கணவர் முந்தின நாள் மாரடைப்பில் போய்விட்டார். ஆஸ்பத்திரியில் உடலை வாங்கப் போன இடத்தில், இஸ்லாமிய சமய இலாகா அதிகாரிகள் வந்து, அவர் இஸ்லாத்துக்கு மாறியவர் என்று ஒரு கடிதத்தைக் காட்டி, தர முடியாது என்றிருக்கிறார்கள். "போன தைப்பூசத்துக்குக்கூட காவடி எடுத்தாரு தம்பி" என்று அக்கா என்னிடம் மூன்று முறை சொன்னார். வீட்டு வாசலில் கேனோபிப் பந்தல் போட்டு, சொந்தக்காரர்கள் நாற்காலிகளில் காத்துக்கொண்டிருந்தார்கள்.

அவசர வழக்காக உயர் நீதிமன்றத்துக்குப் போனோம். மதம் மாறினாரா என்று விசாரிக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை, முஸ்லிம்களுக்கான சமய நீதிமன்றத்துக்குப் போங்கள் என்று தீர்ப்பு வந்தது. அக்கா இந்து, அந்த நீதிமன்றத்தில் அவரால் வழக்கே போட முடியாது. அது தெரிந்தேதான் போகச் சொன்னார்கள். மதம் வேறு, அரசாங்கம் வேறு என்று சொல்லவேண்டிய இடம் பத்தே நிமிடத்தில் கை கழுவிவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு எழுந்து போயிற்று.

வெளியே வந்ததும் அக்கா வக்கீலைக் கேட்டார்: "சார், பாடி வாசலுக்கு வந்தாத்தானே தாலி கழட்டுற சடங்கு? இப்ப நான் கழட்டணுமா, வேணாமா?"

வக்கீலுக்கு முகம் சிவந்துவிட்டது. "இது தீர்ப்பே இல்லம்மா, அசிங்கம்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே இத்தனை வருடம் அவரிடம் வேலை பார்த்தேன். மறுநாள் முஸ்லிம் மயானத்தில் நடந்த அடக்கத்தை அக்கா வேலிக்கு வெளியே நின்று பார்த்தார். அங்கிருந்த மலாய் அதிகாரி ஒருவர், சின்ன வயசு, தானே ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். அக்கா உட்காரவில்லை.

சென்ற மாதம் அதே மாதிரி இன்னொரு வழக்கு வந்தது. கணவனின் உடலைக் கேட்டு ஒரு மனைவி. ஆனால் இம்முறை எங்கள் கட்சிக்காரர், உடலைத் தர மறுக்கும் தரப்பு. வக்கீல் எழுதித் தந்த வாதத்தில் முதல் ஆதாரமே அக்காவின் தீர்ப்புதான்.

"பாஸ், இது நம்ம அக்கா கேஸ்தானே?"

"சட்டம் அப்படித்தான் இருக்கு லா. டைப் பண்ணு."

ஒரு கமாவும் விடாமல் டைப் பண்ணிக் கொடுத்தேன். அவரைப் பார்த்தாலே அருவருப்பாக இருக்கிறது. என் விரல்களைப் பார்த்தாலும் அப்படித்தான்.

அக்கா தீபாவளிக்குத் தவறாமல் போன் பண்ணுவார். இந்த வருடமும் பண்ணினார். நான் எடுக்கவில்லை.