அட்டையின் பின்பக்கம்

எனக்கு யாரையும் சட்டென்று நம்பும் வழக்கம் கிடையாது. கோயிலுக்குப் போனால் ஒரு கால் செருப்பை இங்கேயும் மறு கால் செருப்பை அங்கேயும் விட்டுவிட்டுப் போகிறவன் நான்.

அறுபதுகளின் கடைசியில் காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு நெசவாளர் சங்கத்தில் எழுத்தராக இருந்தேன். நெசவு, சாயத் தொழிலுக்கென்று வரும் மாத இதழ் ஒன்றைச் சங்கம் வரவழைத்தது. பழைய இதழ்கள் சணலால் கட்டி அலமாரி நிறையக் கிடந்தன. தறி ரிப்பேர் செய்பவர்களும் சாயக்காரர்களும் வந்து, "இதுல எப்பவோ போட்டிருந்தாங்களே சார்" என்பார்கள். எந்த மாதம் என்று கேட்டால் தெரியாது. அரை நாள் தூசி தின்றுவிட்டு வெறுங்கையோடு போவார்கள். அதனால் செயலாளர் என்னை அட்டவணை போடச் சொன்னார்.

முதலில் கட்டுரைத் தலைப்புகளை அகர வரிசையில் அட்டைகளில் எழுதி வைத்தேன். ஒருவரும் தொடவில்லை. 'பட்டிழையில் வண்ணப் பிணைப்பு' என்று எந்தச் சாயக்காரர் தேடுவார்? பிறகு அவர்கள் வாயில் வரும் புகாரையே தலைப்பாக்கினேன். 'சாயம் போகுது.' 'திட்டுத்திட்டா ஏறுது.' கீழே இதழும் பக்கமும். ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கூடவே என் புத்தியும் வேலை செய்தது. இதழை யாராவது லவட்டிக்கொண்டு போய்விட்டால்? எடுத்துப் போகிறவர் பெயரை அந்த அட்டையின் பின்பக்கத்திலேயே எழுதினேன்.

'சாயம் போகுது' என்பதற்கு மட்டும் இரண்டு அட்டைகள். ஒரு நாள் அதில் ஒன்றைக் காணோம். என் சந்தேகம் நேரே பிள்ளையார்பாளையத்துச் சாயக்காரர் ஒருவர் மேல் போயிற்று. முன்பெல்லாம் இதழ்களை எடுத்துப் போனவர், இப்போது எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அட்டைகளை மட்டும் புரட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். படித்ததை மற்றவர்கள் படிக்கக் கூடாதென்று அமுக்குகிறார் என்றே முடிவு கட்டினேன். அடுத்த முறை அவர் வந்தபோது பதிவேட்டுக்குப் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டாவது அட்டை அவர் மடிக்குப் போகும்போது கையைப் பிடித்துவிட்டேன்.

"திருடன்னு சொல்லாதீங்க சார். பின்னாடி திருப்பிப் பாருங்க."

திருப்பினேன். அவர் பெயர் நான்கு தடவை, என் கையெழுத்தில்.

"நூல் குடுக்கிற முதலாளிங்களோட ஆளுங்க செயலாளரைப் பார்க்க வராங்க இல்ல, காபி குடிச்சிக்கினே இதைத்தான் படிக்கிறாங்க. நாலு தபா எடுத்திருக்கான், இவன் சாயம் போகுதுபோலன்னு ரெண்டு முதலாளி எனக்கு நூல் அனுப்பறதை நிறுத்திட்டாங்க. மூணாவது ஆளும் நிறுத்திட்டா நான் அடுப்பு மூட்டவே வேணாம் சார்."

அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "நிஜமாவே உங்க சாயம் போகுதா?" என்று கேட்டேன்.

"போகக் கூடாதுன்னுதான் சார் படிச்சேன்."

அட்டையை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு கட்டுரையும் படிக்காத சாயக்காரர்களுக்கு நூல் தடையில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

எல்லா அட்டைகளையும் பெயரில்லாமல் திரும்ப எழுதினேன். ஒரு வாரம் கழித்து வந்த அந்தச் சாயக்காரர் உள்ளே நுழையாமல் நின்று, "நீங்க போயி டீ குடிச்சிட்டு வாங்க சார்" என்றார். அலமாரியைத் திறந்து போட்டுவிட்டுப் போவதா? போனேன். பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

திரும்பி வந்தபோது அவர் இல்லை. பழக்கதோஷம், அட்டைகளை எண்ணினேன். ஒன்று அதிகமாக இருந்தது. முதலில் காணாமல் போன அந்தப் பழைய அட்டை. அதன் மேல் அரக்குச் சிவப்புப் பட்டு நூலைச் சுற்றிக் கட்டியிருந்தார்.

நூலைப் பிரித்து, குடிக்க வைத்திருந்த கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் போட்டேன். என்னை நானே திட்டிக்கொண்டுதான் போட்டேன். சாயங்காலம் வரை தண்ணீர் துளியும் நிறம் மாறாமல் தெளிவாக இருந்தது.

நூலை நிறுத்திய முதலாளி ஒருவரின் ஆள் அப்போது காபிக்கு வந்து உட்கார்ந்தார். தம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அரக்கு நல்லா நிக்குதே. யாரு சாயம்பா?"

ஒரு வாரமாகப் பெயர்களையெல்லாம் அட்டைகளிலிருந்து எடுத்துக்கொண்டிருந்த நான், அந்த ஒரு பெயரை மட்டும் சங்கத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.