பூசையில் வைத்த கண்ணாடி

சபாரத்தினம் அண்ணை இறந்த செய்தியை என் கூட்டாளி குலம்தான் தொலைபேசியில் சொன்னான். "அண்ணை மோசம் போயிட்டாராமடா. ஹார்ட் அட்டாக். நல்ல மனுசன், என்ன?" நான் "ஓம்" என்றேன். அவரைப் பற்றி நான் சொன்ன இரண்டாவது பொய் அது. முதலாவது பொய் எது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இங்கே கனடாவில், ஸ்காபரோவில் உடலைப் பார்வைக்கு வைத்திருந்த மண்டபத்தில் நான்கு பேர் பேசினார்கள். அகதியாக வந்திறங்கிய பொடியன்களுக்கு வேலை கொடுத்தவர் என்றார்கள். உண்மை. தொண்ணூற்றிரண்டில் எனக்கும் கொடுத்தார், பக்கத்து மார்க்கம் நகரத்து வீடுகளுக்குப் புல்லு வெட்டும் வேலை. கடைசியாகப் பேசியவர், "அண்ணையிட்ட வேலை செய்த ஒருத்தருக்கும் ஒரு கீறல் பட்டதில்லை" என்றார். நான் மூன்றாவது வரிசையில் ஒற்றைக் கண்ணோடு இருந்தேன்.

அவரை அறிந்தவர்களுக்கு அவருடைய ரிம்மரையும் தெரிந்திருக்கும். நைலோன் நூல் சுழன்று வேலியோரப் புல்லை அறுக்கும் மெசின். வாங்கிய அன்றே அதன் காப்புத் தகட்டைக் கழற்றி எறிந்தார். அந்தத் தகடு பறக்கும் கல்லைத் தடுக்கும். நூல் மிஞ்சி நீளாமல் நறுக்கியும் விடும். அது இல்லாவிட்டால் மெசின் திணறும், புல் அறாமல் மடங்கும். எல்லாம் மெசினோடு வந்த புத்தகத்தில் படத்தோடு இருந்தது. "படம் பாத்தே புல்லு வெட்டுறது? கொடுவாக்கத்தியால பத்தை வெட்டின ஆக்களடா நாங்கள்" என்பார். ஊரில் அவர் வங்கியில் முத்திரை குத்திக்கொண்டிருந்தவர்.

நான் ஒரு பாதுகாப்புக் கண்ணாடி வாங்கிக்கொண்டு போனேன். "உதென்ன, ஒப்பரேசனே செய்யப் போறாய்? உதைப் போட்டா புல்லுத் தெரியாதடா" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார். அந்த வருடச் சரஸ்வதி பூசைக்குத் தன் வீட்டில் மெசின்களைக் கழுவி அடுக்கிச் சந்தனம் பூசினார். என் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு குங்குமப் பொட்டு. மறுநாள் மெசின்கள் வேலைக்குத் திரும்பின. கண்ணாடி சாமித்தட்டிலேயே நின்றுவிட்டது. "பூசையில வைச்சதில வேர்வை படக்கூடாது. அது அங்க இருந்து காக்கும்" என்றார். மெசினில் எவ்வளவு வேர்வையும் படலாமாம். நான் வேறொன்று வாங்கியிருக்கலாம். திரும்பவும் சிரிப்பார் என்று வாங்கவில்லை. அதற்காக என்மீதும் எனக்கு வெறுப்புத்தான்.

நூலின் நுனி மட்டும் புல்லில் படவேண்டும். அவர் வேலியோடு சேர்த்துத் தேய்ப்பார், நூல் அறுந்ததும் நூலைத் திட்டுவார். அடுத்த மே மாதம் ஒருநாள், உடுப்புக் காயப்போடும் கம்பியில் துண்டு நறுக்கி நூலுக்குப் பதிலாகப் பூட்டினார். "இனி அறாது, பார்." ஐம்பது அடிக்குள் ஆள் நிற்கக்கூடாது என்று புத்தகத்தில் இருந்தது. பத்தடியில் நின்று புல்லை வாரச் சொன்னார். நின்றேன். கம்பி வேலித்தூணில் பட்டுத் தெறித்தது. இடது கண்ணில் ஏதோ சூடாகப் பட்டதுதான் தெரியும்.

அவருடைய வான் வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது சொன்னார்: "வீட்டில தடி குத்தினது எண்டு சொல்லு. வேலையில எண்டா விசாரிக்க வருவாங்கள். உன்ர அகதிக் கேசும் குழம்பும்." என் கேசுக்கும் கண்ணுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அது அவருக்கு நன்றாகத் தெரியும். அப்போது எனக்குத் தெரியாது. தடி குத்தியது என்று டொக்டரிடம் சொன்னேன்.

ஒரு கிழமை இடியப்பமும் சொதியும் கொண்டுவந்தார். எப்போதும் கட்டுப் போட்டிருந்த பக்கமாகவே கதிரையை இழுத்துப் போட்டு இருப்பார். கோழை. இதைவிட மரியாதையான சொல்லை நானும் தேடித்தான் பார்த்தேன்.

பேச்சுகள் முடிந்தபின் அவருடைய மனைவி மணி அக்கா என்னைத் தனியே கூப்பிட்டு ஒரு பையைத் தந்தார். "தம்பி, இது உம்மட சாமான். விளக்கு வைக்கேக்க எல்லாம் இவர் இதையே பாத்துக்கொண்டு நிப்பார். ஏனெண்டு ஒருநாளும் சொல்லேல்லை." இத்தனை வருடம் பார்த்துக்கொண்டு நின்றாராம். என்னிடம் வந்து ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை.

அவர் சொல்லாததை நான் சொல்கிறேன், அக்கா. தடி குத்தவில்லை. அவர் பூட்டிய கம்பி, அவர் கையிலிருந்த மெசின். அன்று பேசிய நான்கு பேரும் இதையும் சேர்த்துக்கொள்ளட்டும்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் கண்ணாடியை மட்டும்தான். அதுவும் என்னுடையதுதான். குங்குமத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். போன சனிக்கிழமை அதைப் போட்டுக்கொண்டு என் வீட்டு வேலியோரத்தை வெட்டினேன். ஒரு கண்ணுக்கே புல் நன்றாகத் தெரிந்தது.